மரைக்கார் வீட்டு ஒன்பதாம் கம்பி

ஏழு கம்பி சேர்ந்தாயிற்று. எட்டாவதற்கு என்ன செய்வது என்று வீட்டைச் சுற்றி நோட்டம் விட்ட மஹ்ரூப் மரைக்காரின் கண், கதவுக்குப் பின்னால் தொங்கிய மனைவியின் குடையில் போய் நின்றது.

குடை நல்ல குடை. அதன் தண்டு இன்னும் நல்ல தண்டு. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வந்த கையோடு அதைப் பின்வளவுக்குக் கொண்டுபோனார். துணியை உரித்து, எலும்புகளைப் பிடுங்கி, தண்டை மட்டும் தனியே எடுத்தார். அங்கே விரித்திருந்த பாயில், கட்டிலில் நுளம்பு வலை கட்டும் கம்பிகள் நான்கும் ஜன்னல் சீலைக் கம்பிகள் மூன்றும் ஏற்கெனவே வரிசையாகப் படுத்திருந்தன.

"இஞ்சேருங்க!"

திரும்பிப் பார்த்தார். மனைவி றஹ்மத் உம்மா நுளம்பு வலையை முக்காடு போலத் தலையில் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள்.

"நித்திரையில இரிக்கக்குள்ள வலை அப்பிடியே மேல விழுந்திட்டு. மௌத்தாகிட்டன், கபன் துணியில சுத்திட்டாங்க எண்டு நெனச்சிட்டன். என்ன செய்றீங்க?"

"கம்பி எண்ணுறன்."

"மறியல்ல இரிக்கிறவங்கதான் கம்பி எண்ணுற."

"போய்த் தேத்தண்ணி ஊத்து. இது குடும்ப மானத்துட வேல."

மானம் என்ற சொல் அந்த வீட்டில் விழுந்துவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. மரைக்காரின் பாட்டனாரிடம் கேட்காமல் கனமூலைப் பக்கத்தில் ஒரு தோணி உப்புக்கூட ஏறாத காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெருமையில் இன்று மிஞ்சியிருந்தது களப்போரத்தில், அந்தக் கடல்நீர் ஏரிக் கரையில், நாலு உப்புப் பாத்தியும், வளையாத ஒரு முதுகும். அந்த எண்பத்தாறாம் வருடம் பருவம் தப்பிப் பெய்த மழை பாத்திகளைக் கரைத்துவிட்டது. முதுகை எந்த மழையாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கம்பி எண்ணும் நிலைமைக்கு அவரைக் கொண்டுவந்தவள் கல்யாணத் தரகு பேசும் சித்தி லெய்லா. கனமூலைக்கும் கற்பிட்டிக்கும் இடையில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு மேல் அவள் பேசி முடித்தவை. மரைக்காரின் மகள் மர்ளியாவுக்கும் அவள்தான் கற்பிட்டியில் இடம் பார்த்திருந்தாள். மாப்பிள்ளை பெயர் சுஹைர், பள்ளிக்கூட வாத்தியார், சாலிஹீன் ஹாஜியாரின் மகன். மர்ளியா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வந்த நாளிலிருந்து அவள் ஊற்றும் தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது. அதற்கு மேல் ஒரு தகப்பனுக்கு என்ன சாட்சி வேண்டும்?

எல்லாம் சரி வந்த வேளையில்தான் சித்தி லெய்லா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"மரைக்கார் நானா, வாற மாசம் முதல் ஞாயிறு அவங்க வீடு பார்க்க வாறாங்க. நான் ஒண்டு சொல்றன், கோவிக்கப்படாது. அவங்கட கூரையில டீவி அன்டெனா நிக்கிது. உங்கட கூரையில காக்காதான் நிக்கிது."

"காக்கா எல்லா வீட்டுக் கூரையிலயும் நிக்கும்."

"ஓம். அவங்கட வீட்டில அது அன்டெனாவில ஏறி நிக்கிது."

அந்தச் சொல் மரைக்காரின் நெஞ்சில் மீன்முள் போல ஏறியது. அடுத்த நாளே கருவாடு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கற்பிட்டி பஸ்ஸில் ஏறினார். சாலிஹீன் ஹாஜியாரின் வீட்டுக்கு எதிரே ஒரு பூவரச மரத்தடியில் நின்று, கலண்டர் தாளின் பின்புறத்தில் அந்த அன்டெனாவை அப்படியே வரைந்தார். நடுவே ஒரு நீளத் தடி. குறுக்கே எட்டுக் கம்பி. முகம் பாதைப் பக்கம்.

"என்ன நானா அண்ணாந்து பார்க்கிறீங்க?" என்று வழியில் போன ஒருவர் கேட்டார்.

"காக்கா," என்றார் மரைக்கார். அது பொய்யுமல்ல.

ஊருக்குத் திரும்பியதும் அந்தத் தாளை யாகப்புவிடம் நீட்டினார். மதுரங்குளிச் சந்தியில் சைக்கிள் திருத்தும் யாகப்பு எதையும் எதோடும் பொருத்திவிடக் கூடிய ஆள்.

"இதில எட்டுக் கம்பி இரிக்கி. நமக்கு ஒம்பது போடு."

"ஒம்பதாவது என்னத்துக்கு நானா?"

"நாங்க மரைக்கார்மார்."

யாகப்பு தலையைச் சொறிந்தான். "சரி. டீவி என்ன டீவி? அத ஒருக்காப் பார்த்துத்தானே வேலையத் தொடங்கோணும்."

"டீவி இல்ல."

யாகப்பு தாளைப் பார்த்தான். மரைக்காரைப் பார்த்தான். பிறகு மறுபடியும் தாளைப் பார்த்தான்.

"டீவி வீட்டுக்கு உள்ளுக்கு இரிக்கிற சாமான் யாகப்பு. உள்ளுக்கு இரிக்கிறத ரோட்டில போறவன் பார்க்கிறானா?"

"இல்ல."

"அப்ப அது என்னத்துக்கு?"

யாகப்பு தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டான். வேலை தொடங்கியது. உப்பு வாரும் பலகையின் நீளப் பிடி நடுத்தடியானது. அதில் ஓட்டை போட்டுக் கம்பிகளைச் செருகி, ஆடாமல் இருக்கத் தேய்ந்த றப்பர் செருப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஆப்பு வைத்தார்கள். வலைக்காரர்கள் பாவிக்கும் தங்கூசி நூலால் இறுக்கிக் கட்டினார்கள். ஒன்பதாவது கம்பிக்கு யாகப்பு தன் பங்காக ஒரு பழைய சைக்கிள் பம்பின் உள்தண்டைக் கொடுத்தான். மற்றவற்றில் பாதி நீளந்தான் அது. இருந்தாலும் எண்ணுகிறவனுக்கு ஒன்பது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பூச்சு வெள்ளிப் பெயின்ற் அடித்ததும், கட்டில் கம்பியும் குடைத்தண்டும் பம்பும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆகிவிட்டன.

வியாழக்கிழமை பின்னேரம் கமுக மரத் தண்டில் அதைக் கட்டிக் கூரைக்கு மேலே நட்டார்கள். வீட்டுக்கு வரும் பாதை களப்புப் பக்கம் இருந்ததால் அன்டெனாவின் முகமும் களப்பையே பார்த்தது. மரைக்கார் பாதையில் இறங்கி நின்று பார்த்தார். வெயிலில் ஒன்பது கம்பியும் மின்னின. பாட்டனார் இருந்திருந்தால் ஒரு தரம் தொப்பியைச் சரிசெய்திருப்பார்.

அந்தச் சந்தோசம் அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. பாயும் கையுமாக அயலவர்கள் வந்து முற்றத்தை நிறைத்துவிட்டார்கள். முன்வீட்டு டிராக்டர்காரர் தன் தாயைக் கதிரையோடு தூக்கி வந்திருந்தார்.

"படம் எத்தின மணிக்கு நானா?"

ஊரில் அப்போது கரண்ட் கிடையாது. டீவி வைத்திருப்பவர்கள் பெட்டரியில்தான் போட்டார்கள். மரைக்காருக்கு அது கைகொடுத்தது.

"பெட்டரி இன்னம் வரல்ல."

நல்ல பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வரும்போது டிராக்டர்காரர் தன் டிராக்டரின் பெட்டரியைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்தாங்க நானா. உங்களுக்கு இல்லாததா?"

நல்ல அயலவனைப் போல ஆபத்தானவன் வேறு யாருமில்லை என்று மரைக்காருக்கு அன்றுதான் விளங்கியது. முதுகை நிமிர்த்தினார். தொண்டையைச் செருமினார்.

"பெட்டரி இரிந்தாலும் இப்ப போட ஏலாது. கல்யாணம் முடியும் மட்டும் டீவி திறக்கிறதில்ல. அது எங்கட குடும்பத்து வழக்கம்."

கூட்டம் மரியாதையோடு தலையாட்டியது. டீவி என்ற சாமான் இலங்கைக்கு வந்தே ஏழு வருடந்தான். மரைக்கார் குடும்பத்தில் அந்த வழக்கம் எப்போது உண்டாயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. டிராக்டர்காரரின் தாய் மட்டும் கதிரையில் இருந்தபடி சாட்சி சொன்னாள்.

"அந்தக் காலத்தில இருந்தே அப்பிடித்தான். இவர்ட வாப்பாட கல்யாணத்துக்கும் திறக்கல்ல. எனக்கு நல்ல ஞாபகம்."

கூட்டம் பாயைச் சுருட்டிக்கொண்டு போனது. மரைக்கார் மூச்சு விட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு சித்தி லெய்லா வந்து நின்றாள்.

"அன்டெனா வடிவாத்தான் இரிக்கி. வயர் எங்க?"

"என்ன வயர்?"

"மேல இருந்து டீவிக்கு ஒரு வயர் இறங்கோணும் நானா. இல்லாட்டிப் படம் ஏணி வெச்சா இறங்கும்?"

மரைக்கார் அவளை உற்றுப் பார்த்தார். "டீவியப் பத்தி நீ ஒண்டும் கேக்கல்லையே."

"நான் ஏன் கேக்கிற? டீவிய நான் கேக்கல்ல. வயரத்தான் கேக்கிறன்."

யாகப்பு தன் கடையில் கிடந்த பழைய பிரேக் வயர்களை எல்லாம் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தான். அது அன்டெனாவிலிருந்து கூரை வழியாக இறங்கி, ஜன்னலால் நுழைந்து, முன்னறையில் வந்து தொங்கியது.

"பாம்பு எட்டிப் பார்க்கிற மாதிரி இரிக்கி," என்றாள் றஹ்மத் உம்மா. "இதுட மத்த முனை எங்க போகோணும்?"

அதைத்தான் மரைக்காரும் யோசித்துக்கொண்டிருந்தார். தொங்கும் வயரைப் பார்க்கிறவன் டீவியைத் தேடுவான். ஆகவே அதைத் தேட விடக் கூடாது. பிஸ்கட் கடைகளில் இருக்கும் பெரிய சதுரத் தகரப் பெட்டி ஒன்று அலுமாரிக்கு மேல் கிடந்தது. அதை இறக்கி மேசையில் வைத்தார்கள். பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு வயரை உள்ளே விட்டார்கள். மர்ளியா பின்னிய ரோசாப்பூச் சீலையால் மூடினார்கள். டீவி உள்ள வீடுகளில் அதைச் சீலை போட்டு மூடி வைப்பதுதானே வழமை? தள்ளி நின்று பார்த்தபோது மரைக்காரே ஒரு கணம் ஏமாந்தார்.

ஆனால் களப்புக் காற்று விடவில்லை. மேலே கம்பி ஆட, வயர் இழுக்க, வெறும் தகரப் பெட்டி மேசையில் நடக்கத் தொடங்கியது. இரண்டு தரம் கீழே விழுந்தும் விட்டது.

"பாரம் வெக்கோணும்," என்றார் மரைக்கார்.

உப்புக்காரன் வீட்டில் பாரத்துக்கு எங்கே போய்த் தேடுவது? மழைக்குத் தப்பிய உப்பைக் கொண்டுவந்து பெட்டியை விளிம்பு வரை நிரப்பினார்கள். அதற்குப் பிறகு காற்றாலும் அசைக்க முடியவில்லை.

மர்ளியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வாப்பா, படம் நல்லாக் கரிக்கும்."

"சிரி, சிரி."

"அவங்க சீலைய எடுத்துப் பார்த்தா?"

"மானமுள்ள குடும்பம் மத்தவன் மூடி வெச்ச சாமானத் திறந்து பார்க்கிறதில்ல."

மர்ளியாவின் சிரிப்பு நின்றது. சீலையின் ஓரத்தை நீவிவிட்டபடி, தகப்பனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "வாப்பா, டீவி இல்லாட்டியும் எனக்கு ஒண்டுமில்ல. ஆனா இந்த இடம் தவறிப் போனா எனக்கு வேற இடம் பார்க்க வேணாம்."

மரைக்கார் வயரின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக மறுபடியும் இறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாலிஹீன் ஹாஜியார் வெள்ளைச் சட்டையும் அத்தர் வாசமுமாக வந்து இறங்கினார். கூடவே அவருடைய மூத்த சகோதரி கமறியாவும் சித்தி லெய்லாவும். கமறியாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் அவள் இரகசியம் பேசினாலும் பாதைக்குக் கேட்கும். பெண்கள் அவளை உள்ளே அழைத்துப் போனார்கள். ஹாஜியார் முன்னறையில், ரோசாப்பூச் சீலைக்கு முதுகைக் காட்டியபடி ஒரு கதிரையில் அமர்ந்தார்.

பேச்சு நன்றாகவே போனது. ஒரு கட்டத்தில் மரைக்காரின் நாக்குத்தான் வழுக்கியது.

"காலம் மாறிப் போச்சு ஹாஜியார். இப்ப வீட்டுக்கு வீடு டீவி..."

"சூடை மீன் இப்ப என்ன விலை போகுது இஞ்ச?" என்று ஹாஜியார் அவசரமாகக் கேட்டார்.

மரைக்கார் வியந்து போனார். என்ன பெருந்தன்மை! வீட்டில் டீவி இருக்கிறவன், அந்தப் பேச்சு எடுத்தால் பெருமையடிப்பதாகப் போய்விடும் என்று கதையை மாற்றுகிறான். இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். சூடை மீனைப் பற்றி அவர் கால் மணித்தியாலம் சந்தோசமாகப் பேசினார்.

றஹ்மத் உம்மா இனிப்பு வட்டிலப்பத்தைக் கிண்ணத்தில் வைத்து உள்ளிருந்து நீட்டினாள். ஹாஜியார் முதல் கரண்டியை வாயில் வைத்தார். அப்போதுதான் வாசலில் ஜீப் வந்து நின்றது.

சந்தியில் மணல் மூட்டை அடுக்கிக் காவல் நின்ற இராணுவத்தின் ஜீப் அது. ஒரு இளம் அதிகாரியும் நாலு சிப்பாய்களும் இறங்கினார்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"முதலாளி, கூரை மேல இருக்கிறது என்ன?"

"டீவி அன்டெனா மாத்தயா."

"டீவி வாறது கொழும்பில இருந்து. கொழும்பு அந்தப் பக்கம். இது களப்பைப் பார்த்து இருக்கு. களப்பில யாரோட பேச?"

"களப்பப் பார்க்கல்ல மாத்தயா. பாதையப் பார்த்து நிக்கிது."

"பாதைக்குப் படம் காட்டவா?"

மரைக்கார் தொப்பியைச் சரிசெய்தார்.

"சரி. டீவியப் போடுங்க, பார்ப்பம்."

"கல்யாணம் முடியும் மட்டும் திறக்கிறதில்ல மாத்தயா. அது எங்கட குடும்பத்து வழக்கம்."

அதிகாரி ஹாஜியார் பக்கம் திரும்பினார். "அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

ஹாஜியார் வாயிலிருந்த வட்டிலப்பத்தை விழுங்கினார். அவருக்கு நெற்றி வியர்த்திருந்தது. "அது... அவங்கட வழக்கம். நான் அதில தலையிடுறதில்ல மாத்தயா."

ஒரு சிப்பாய் துப்பாக்கி முனையால் ரோசாப்பூச் சீலையை மெல்லத் தூக்கினான். உள்ளே தகரப் பெட்டி. பெட்டிக்குள் போகும் கறுப்பு வயர். ஓட்டையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய்த் துகள்.

கொழும்பில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு சாப்பாட்டுப் பார்சல், குண்டோ என்ற பயத்தில், ஒரு தெருவையே காலியாக்கிய காலம் அது.

"போம்ப!" என்று சிப்பாய் கத்தினான்.

அடுத்த நொடியில் முன்னறை துப்புரவாகிவிட்டது. சிப்பாய்கள் ஜீப்புக்குப் பின்னால். ஹாஜியார் கிண்ணத்தைக் கைவிடாமல் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால். சித்தி லெய்லா கோழிக்கூட்டுக்குள் பாதி, வெளியே பாதி. பெண்கள் பின்கதவால் தென்னந்தோப்புக்கு ஓட, "என்ட செருப்பு! என்ட செருப்பு!" என்ற கமறியாவின் குரல் ஊரெங்கும் கேட்டது.

மரைக்கார் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். வீரம் என்று சொல்ல முடியாது. சம்பந்தி பார்க்க எந்த மரைக்காரும் ஓடியதில்லை.

"உள்ளுக்கு என்ன?" என்று ஜீப்புக்குப் பின்னாலிருந்து அதிகாரி கேட்டார்.

"உப்பு மாத்தயா."

"என்ன?"

"உப்பு." மரைக்கார் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. சிப்பாய் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். விரலால் தொட்டு நக்கினான்.

"லுணு, சேர்," என்றான் சிங்களத்தில், உப்புத்தான் என்று கண்டு ஏதோ ஏமாந்து போனவனைப் போல.

அதிகாரி உள்ளே வந்தார். தானும் ஒரு கல் உப்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"முதலாளி, நான் மூணு வருசமா இந்த வேலையில. உப்புக்கு அன்டெனா போட்ட வீட்டை இப்பதான் பார்க்கிறன். டீவி எங்க? இஞ்ச சொல்லாட்டிக் கேம்புக்கு வந்து சொல்ல வேணும்."

டீவி புத்தளத்தில் திருத்தக் கொடுத்திருக்கிறது என்ற பொய் மரைக்காரின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. சொல்லிவிட்டால் ஹாஜியார் முன் மானம் தப்பும். ஆனால் எந்தக் கடை, ரசீதுத் துண்டு எங்கே என்று அடுத்த கேள்வி வரும். தகப்பனைக் கேம்புக்குக் கொண்டுபோன வீட்டில் எவன் பெண் எடுப்பான்? உண்மையைச் சொன்னாலோ, ஹாஜியார் இப்போதே எழுந்து போய்விடுவார். ஓடிய பெண்களில் ஒருத்தி மட்டும் திரும்பி வந்து பின்கதவில் நிற்பதை மரைக்கார் கண்டார். மர்ளியா. அவள் அழவில்லை. தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படியும் கல்யாணம் நிற்கத்தான் போகிறது. பொய்யில் நிற்க வேண்டாம் என்று தோன்றியது அவருக்கு.

"டீவி இல்ல மாத்தயா," என்றார். கிணற்றடிக்கும் கேட்கும்படி உரத்துத்தான் சொன்னார். "இந்த வீட்டில டீவி இரிந்ததே இல்ல. மேல நிக்கிறது என்ட கட்டில் கம்பி, ஜன்னல் கம்பி, பொஞ்சாதிட குடை, ஒரு சைக்கிள் பம்பு. என்ட மகளப் பார்க்க வாறவங்கட கூரையில அன்டெனா இரிக்கி. என்ட கூரையில இல்லையெண்டு அவளக் குறைவா நெனச்சிருவாங்களோ எண்டு நான்தான் செஞ்சன். அவள் வேணாமெண்டுதான் சொன்னாள். பிழை என்டதுதான்."

 ஒரு சிப்பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினான். அதிகாரியின் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. சிரிப்பை அடக்கவே அவர் கூரையைப் பார்த்தார் போலும்.

"அந்தக் குட்டைக் கம்பிதான் பம்பா?"

"ஓம் மாத்தயா."

"முதலாளி, டீவி இல்லாத வீட்டில அன்டெனா இருந்தா நாங்க சந்தேகப்படத்தான் வேணும். இன்றைக்கே கழட்டிப் போடுங்க. இது நல்லதுக்குத்தான். இனிமே நாங்க கற்பிட்டி வரைக்கும் ஒவ்வொரு கூரையாப் பார்த்துக்கொண்டு போகப் போறம். அன்டெனா இருக்கிற வீட்டில டீவி இருக்கோணும்."

றஹ்மத் உம்மா எங்கிருந்தோ வந்து ஒரு தட்டு வட்டிலப்பத்தை ஜீப்புக்குக் கொடுத்தனுப்பினாள். ஜீப் போய்விட்டது.

சாலிஹீன் ஹாஜியார் கிணற்றடியிலிருந்து மெல்ல வந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் பாசி. முகம் சாம்பல் பூத்திருந்தது. மரைக்காரைப் பார்க்காமல், கூரையில் மின்னிய ஒன்பது கம்பியையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கோபத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று மரைக்கார் நினைத்தார்.

"ஹாஜியார்," என்றார். குரல் தளர்ந்தாலும் முதுகு தளரவில்லை. "நீங்க கேட்டுக்கொண்டுதானே இரிந்தீங்க. என்ட பேச்சில பிழை வந்திட்டு. புள்ளையில ஒரு குறையும் இல்ல. அத மட்டும் மனசில வெச்சுக்கோங்க. நீங்க எழும்பிப் போறதெண்டா, நான் பாதை வரைக்கும் கூட வாறன்."

ஹாஜியார் வாயைத் திறந்தார்.  மூடினார். மறுபடியும் திறந்தார்.

அதற்குள், நடந்ததையெல்லாம் சித்தி லெய்லா காதில் கத்திச் சொல்லக் கேட்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு முற்றத்துக்கு வந்து சேர்ந்த கமறியா, தம்பியின் காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கச் சொன்னாள்:

"தம்பி, ஜீப்பு கற்பிட்டிக்கு வாறதுக்குள்ள போய் நம்மட கூரையில இரிக்கிறதயும் கழட்டிப் போடோணும், நாளக் குறிச்சிட்டு எழும்பு! நாம பொட்டிக்குள்ள வெறும் மண்ணத்தானே நிரப்பி வெச்சிரிக்கிறம், இவங்கட உப்பெண்டாலும் கறிக்கு ஒதவும்!"